நான்கு வினாடித் தவில் யாருடையது?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் தங்கச்சிமடம், வயது 24. பகலில் மண்டபத்தில் கைப்பேசிக் கடையில் வேலை. இரவில் வீட்டு மாடியில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு இசை செய்கிறேன். கடலைப் பற்றி ஒரு பாட்டு செய்திருக்கிறேன், முழுக்கத் தாளம்தான் அதன் உயிர். அதில் நான்கு இடங்களிலிருந்து எடுத்த ஒலிகள் உள்ளன. மாமா வீட்டுப் பழைய ஒலிநாடாவிலிருந்து நான்கு வினாடி நையாண்டி மேளம். அதுதான் பாட்டு முழுக்கச் சுற்றி வருகிறது. உறையில் 1986 என்று இருக்கிறது, வெளியிட்ட கடை இப்போது இல்லை. அடுத்தது, ஒரு திரைப்பாடலிலிருந்து மென்பொருள் வைத்துப் பிரித்தெடுத்த ஒரே ஒரு டிரம் அடி. அப்புறம் இணையத்தில் பணம் கட்டி வாங்கிய சாம்பிள் பேக், அதாவது பாட்டில் சேர்க்கத் தயாராக இருக்கும் ஒலித்துண்டுகளின் தொகுப்பு. கடைசியாக, ஏர்வாடிச் சந்தனக்கூட்டில் பக்கீர்கள் தாயிரா என்ற தோல் வாத்தியம் கொட்டியதை நானே கைப்பேசியில் பதிவு செய்தது. பாட்டின் முன்னோட்டத்தை இன்ஸ்டாகிராமில் போட்டேன். அதைக் கேட்டுச் சென்னைக் குறும்பட நிறுவனம் ஒன்று 40,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. "எல்லா ஒலிகளும் என் சொந்தம், பிரச்சினை வந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஆறு வினாடிக்குள் இருந்தால் காப்புரிமை வராது, நாட்டுப்புற மேளத்துக்கு ஏது உரிமையாளர் என்கிறார்கள் நண்பர்கள். கையெழுத்துப் போடலாமா?

அன்புள்ள தம்பி,

போடாதீர்கள். இன்னும் போடவில்லை என்ற நம்பிக்கையில்தான் மற்றதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் போய் நின்ற இடம் "முழுப் பொறுப்பு" என்ற சொல். படம் ஓடத் தொடங்கிய பிறகு ஓர் இசை நிறுவனம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறும்பட நிறுவனம் ஏதோ ஒரு தொகைக்குப் பேசி முடிக்கும். பேசி முடித்த தொகையையும் வழக்குச் செலவையும் அந்தத் தாளைக் காட்டி உங்களிடம் கேட்கும். உங்களுக்கு வருவதற்கு 40,000 என்ற எல்லை இருக்கிறது. உங்களிடமிருந்து போவதற்கு எல்லையே இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. படத்தை வாங்கும் தொலைக்காட்சியும் இணையத் தளமும் அவர்களிடம் இதே உறுதிமொழியைக் கேட்கும், அதனால் அவர்கள் உங்களிடம் கேட்கிறார்கள். ஆனால் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக, பின்னால் யாரும் இல்லாமல் நிற்பவர் நீங்கள்.

இனி அந்த ஆறு வினாடிக்கு வருகிறேன். முதலில் சொல்லைத் திருத்திக்கொள்வோம். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படுவது. பாட்டுக்கும் பதிவுக்கும் உள்ளது பதிப்புரிமை. இந்த வேறுபாடு தெரியாமல் இணையத்தில் தேடினால் தவறான சட்டத்தில் போய் விழுவீர்கள்.

ஐந்து வினாடி, ஆறு வினாடி, எட்டு வினாடி, நான்கு தாள வட்டம் என்று விதவிதமாகக் கேட்டிருக்கிறேன். மதுரையில் என்னிடம் வரும் இளைஞர்களில் பாதிப் பேர் இப்படி ஓர் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் 2012 வரை அதில் செய்த திருத்தங்களையும் வரிவரியாகப் படித்தாலும், இத்தனை வினாடி வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி கிடைக்காது. நியாயமான பயன்பாடு என்று 52ஆவது பிரிவு விலக்கு தருவது, சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும், விமரிசனத்துக்கும், நடப்புச் செய்தியைத் தருவதற்கும்தான். விலைக்குக் கொடுக்கும் பாட்டு இவற்றில் எதிலும் சேராது.

நீதிமன்றங்களாவது எண் ஒன்று சொல்லியிருக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2005இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு வினாடி கித்தார் ஒலியைச் சுருதி இறக்கிச் சுற்றவிட்டதற்கே, "உரிமம் பெறு, இல்லையேல் சாம்பிள் எடுக்காதே" என்று தீர்ப்பு எழுதியது. அதே நாட்டின் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல், கால் வினாடிகூட வராத ஒரு பித்தளைக் குழல் ஒலிக்கு, சாதாரணக் காதுக்குத் தெரியாத அளவு எடுப்பதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை என்றது. ஒரே சட்டம், இரண்டு பகுதிகளில் இரண்டு பதில்.

உங்கள் நிலைக்கு மிக அருகில் வருவது ஜெர்மனி வழக்கு. கிராஃப்ட்வெர்க் என்ற குழு 1977இல் வெளியிட்ட பதிவிலிருந்து சுமார் இரண்டு வினாடித் தாளத் துண்டை எடுத்து, 1997இல் வந்த வேறொரு பாட்டில் தொடர்ந்து சுற்றவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கிய அந்த வழக்கில், 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது இது: மிகச் சிறிய துண்டாக இருந்தாலும் எடுப்பதற்கு அனுமதி வேண்டும், காதால் கேட்டு அடையாளம் காண முடியாதபடி மாற்றியிருந்தால் மட்டும் அது வேறு. தாளம், இரண்டு வினாடி, பாட்டு முழுக்கச் சுற்றுவது. உங்கள் மேளத்துண்டு அதைவிட இரண்டு வினாடி நீளம், அடையாளமும் அழியவில்லை.

நம் நாட்டில் தில்லி உயர் நீதிமன்றம் 2012இல், தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று திரைப்பாடல் வரிகளைப் பயன்படுத்திய வழக்கில், அற்பமான எடுப்பைச் சட்டம் பொருட்படுத்தாது என்ற கோட்பாட்டைப் பதிப்புரிமைக்கும் பொருத்தியது. உங்கள் நண்பர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு பார்க்கச் சொன்னவை தீங்கின் அளவும் வகையும், வழக்கை நடத்தும் செலவு, மீறப்பட்ட கடமையின் நோக்கம், மற்றவர் உரிமைமீது விழும் விளைவு, செய்தவரின் எண்ணம் ஆகியவற்றை. அங்கே கடிகாரம் இல்லை. பாட்டின் உயிரே அதுதான் என்று நீங்களே எழுதிய துண்டை எந்த நீதிபதியிடம் அற்பம் என்று சொல்வீர்கள்?

நாட்டுப்புற மேளத்துக்கு ஏது உரிமையாளர் என்ற கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நானும் விடமாட்டேன். தாளம் யாருக்கும் சொந்தமில்லை. தப்பின் அடி வகைகளும், நையாண்டி மேளத்தின் ஓட்டமும், கும்மிக்குக் கைதட்டும் கணக்கும் நம் தாத்தா பாட்டிகளிடமிருந்து வந்தவை. நாளை எவனாவது அவற்றைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள வந்தால் எதிர்த்து வழக்காட நானே வருவேன். ஆனால் நீங்கள் எடுத்தது தாளத்தை இல்லை, தம்பி. பதிவை எடுத்திருக்கிறீர்கள்.

என் அப்பாவுக்கு ஊர் பாம்பன். சிறு வயதில் திருவிழா இரவுகளில் தப்பு அடிக்கிறவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இரண்டு பக்கமும் கடல் உள்ள தீவு, காற்றில் எப்போதும் ஈரம். அரை மணி நேரம் அடித்தால் தோல் தொய்ந்துவிடும். உடனே ஓரமாகப் போய்ப் பனை ஓலையைக் கொளுத்தி, தப்பைக் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி வந்து நிற்பார்கள். காய்ச்சி எடுத்த முதல் அடிக்கும் காற்றில் தொய்ந்த கடைசி அடிக்கும் ஒலி வேறு. ஒலிவாங்கியை எங்கே வைத்தார்கள், சுவர் எவ்வளவு தூரம், வாசித்தவர் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்பதெல்லாம் அந்த ஒலிக்குள் போய்விடுகிறது. உங்கள் காது அந்த ஒலிநாடாவை விரும்பியதற்குக் காரணமே அதுதான். அதே தாளத்தைக் கணினியில் பத்து நிமிடத்தில் எழுதியிருக்கலாம், நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு வேண்டியிருந்தது 1986இல் ஒருவர் கையால் விழுந்த அடி.

சட்டமும் அங்கேதான் கோடு போடுகிறது. மெட்டும் இசையமைப்பும் ஒரு படைப்பு, ஒலிப்பதிவு தனியாக இன்னொரு படைப்பு. ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு மட்டும் உள்ள உரிமைகளைச் சொல்லும் 14ஆவது பிரிவில் முதலில் வருவது, அந்தப் பதிவை உள்ளடக்கிய வேறொரு ஒலிப்பதிவைச் செய்யும் உரிமை. சாம்பிள் என்ற சொல் சட்டத்தில் இல்லை, ஆனால் இந்த வரி அதையே சொல்கிறது.

அந்த ஒலிநாடாவின் கணக்கைப் பார்ப்போம். ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1986இல் வெளியானது என்றால் 2046 டிசம்பர் வரை உயிரோடு இருக்கிறது. கடை மூடியதால் உரிமை மூடுவதில்லை. பதிவு செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரைத்தான் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. உரிமை அவருடையது, அவர் காலமானால் வாரிசுகளுக்குப் போகும், விற்றிருந்தால் வாங்கியவருக்குப் போகும். சின்னச் சின்ன ஒலிநாடா நிறுவனங்களின் பழைய பதிவுகளை மொத்தமாக வாங்கி இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றிய பதிவை யூடியூபின் அடையாளம் காணும் முறை காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஊரில் எல்லோரும் மறந்த நான்கு வினாடியையும் அது பிடித்துவிடும்.

யாரோ ஒருவர் "நான்தான் உரிமையாளர், 5,000 கொடுங்கள்" என்று சொன்னாலும் அவசரப்படாதீர்கள். அவர் கையில் உள்ள பழைய ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 'ஆராதனா' இந்திப் படப் பாட்டு ஒன்றிலிருந்து ஒரு வினாடி அளவு எடுத்ததாக அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. வழக்குப் போட்டது நம் நாட்டின் மிகப் பெரிய இசை நிறுவனங்களில் ஒன்றான சரிகம. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1967ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்து, அந்தப் பதிவின் உரிமை இப்போது இந்த நிறுவனத்திடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே தன் கையில் எது இருக்கிறது என்பதில் அப்படி நேர்ந்தது. உரிமை இல்லாதவர் எழுதித் தரும் அனுமதிச் சீட்டு உங்களைக் காப்பாற்றாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நான்கு வினாடியில் நாகஸ்வரம் கேட்கிறதா? நையாண்டி மேளக்காரர்கள் திரைப்பாட்டு வாசிப்பது வழக்கம். பின்னணியில் ஒரு மெட்டின் துணுக்கு ஓடினால், பதிவின் உரிமையோடு அந்த மெட்டின் உரிமையும் சேர்ந்துகொள்ளும். அது இசையமைப்பாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, தவிலை விட்டுவிட்டுப் பின்னால் உள்ளதை மட்டும் கேளுங்கள்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கு 31ஏ பிரிவில் கட்டாய உரிமம், அதாவது உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே சட்டப்படி பெறும் உரிமம், என்று ஒரு வழி உண்டு. நாளிதழில் விளம்பரம் கொடுத்து மனுப் போட வேண்டும். நான்கு வினாடிக்காக அந்தப் பாதையில் உங்களை அனுப்ப எனக்கு மனம் இல்லை.

திரைப்பாட்டிலிருந்து எடுத்த அந்த ஒற்றை அடிக்காக யாராவது நீதிமன்றம் போவார்களா? போகமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். மென்பொருள் பிரித்துக் கொடுத்தாலும் அது அதே பதிவின் ஒரு துண்டுதான், பிரித்ததால் புதிதாகப் பிறந்துவிடவில்லை. அதை வைத்துக்கொண்டு "எல்லாம் என் சொந்தம்" என்று எழுதினால் தெரிந்தே பொய் எழுதியதாகும். ஓர் அடியை மாற்றப் பத்து நிமிடம் ஆகுமா? இன்றிரவே மாற்றிவிடுங்கள்.

சாம்பிள் பேக் இருப்பதில் பாதுகாப்பானது, ஆனால் அதன் உரிமத் தாளைப் படித்திருக்கிறீர்களா? ராயல்டி, அதாவது பயன்படுத்தும்போதெல்லாம் தரும் பங்குத்தொகை, இல்லை என்று போட்டிருந்தால் உரிமையாளர் இல்லை என்று பொருள் ஆகாது. ஒருமுறை பணம் கட்டிய பிறகு பாட்டில் சேர்த்துக்கொள்ள அனுமதி, அவ்வளவே. அதே லூப்பை, அதாவது சுற்றவிடும் ஒலித்துண்டை, உலகத்தில் ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள். எனவே அதைத் தனியாக எடுத்து விற்க முடியாது. அந்த லூப் உள்ள பாட்டை உங்கள் தனி உடைமை போல யூடியூபின் அடையாள முறையில் பதிந்து மற்றவர் பாட்டைப் பிடிக்கவும் முடியாது. அப்படிப் பதிய அந்தத் தளத்தின் விதிகளே இடம் தருவதில்லை. ரசீதையும் உரிமத் தாளையும் வாங்கிய தேதியோடு எடுத்து வையுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நண்பனின் கணக்கில் இறக்கியது என்றால் உரிமம் நண்பனுக்கே, உங்களுக்கு இல்லை.

தாயிராவைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும்.

நீங்களே பதிவு செய்ததால் பதிவின் தயாரிப்பாளர் நீங்கள். ஆனால் வாசித்தவர்களுக்கு என்று தனி உரிமை இருக்கிறது. நிகழ்த்துகலைஞர் உரிமை என்ற அது 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது, இப்போது 50 ஆண்டு நீடிக்கிறது. நிகழ்த்துகலைஞர் யார் என்று சட்டம் சொல்லும் பட்டியலில் பாடகரும் இசைக்கலைஞரும் மட்டும் இல்லை. கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட இருக்கிறார்கள். தெருவில் நிற்கும் கலைஞரையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் மரியாதை வரும். பக்கீர்கள் அதில் வரமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைப்பேசியில் பதிந்து நீங்கள் கேட்டு மகிழ்ந்த வரையில் குற்றம் ஒன்றும் இல்லை. சொந்த உபயோகத்துக்குப் பதிவதை 39ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அதைப் பாட்டில் வைத்துப் பணத்துக்குக் கொடுக்கும் இடத்தில் அவர்கள் சம்மதம் வேண்டும்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தனக்கூடு ஊர்வலத்தில் தாயிரா கொட்டிப் பாடுவது அவர்களுக்கு நிகழ்ச்சி இல்லை, வணக்கம். எல்லா மதத்துக்காரர்களும் நேர்ச்சையோடு வந்து நிற்கும் இடம் அது. குறும்படத்தில் உங்கள் பாட்டு எந்தக் காட்சிக்கு வருகிறது என்று கேட்டீர்களா? மதுக்கடைக் காட்சியிலோ அடிதடியிலோ அந்த ஒலி வந்தால் கொட்டியவர் மனம் என்ன பாடுபடும்? தன் நிகழ்ச்சியைத் தன் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால் எதிர்க்கும் உரிமையையும், நிகழ்த்தியவர் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் 38பி பிரிவு கலைஞருக்குத் தருகிறது. ஏர்வாடி உங்களுக்குத் தொலைவில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை போய், கொட்டியவர்களைக் கண்டுபிடித்து, பாட்டைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். தர்காவின் பரம்பரை உரிமைதாரர்களான ஹக்தார்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் அனுமதியைச் சட்டம் கேட்கவில்லை, நம் பழக்கம் கேட்கிறது. அவர்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், வாதாடாதீர்கள்.

நையாண்டி மேளத்துக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒலிநாடாத் துண்டை எடுத்துவிட்டு, ஆட்களை வைத்து நீங்களே பதிவு செய்யுங்கள். பரமக்குடி, ராமநாதபுரம் பக்கம் மேளக் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. திருவிழாவும் கல்யாணமும் குறைந்த மாதத்தில் ஒரு நாள் கிடைப்பார்கள். பொதுவான தாள நடையை மறுபடி வாசிப்பது பழைய பதிவின் உரிமையைத் தொடாது, ஏனென்றால் பழைய பதிவு புதியதற்குள் இல்லை. ஒரு கலைஞர் தனியாக இழைத்த தனி ஆவர்த்தனத்தை அடிக்கு அடி நகல் எடுக்கச் சொல்லாதீர்கள், அது வேறு கதை. உங்கள் பாட்டின் வேகத்தைச் சொல்லிவிட்டு, அவர்கள் கை போகும் வழியில் விடுங்கள். நான்கு வினாடிக்குப் பதில் நாற்பது நிமிடம் கிடைக்கும். உறுமியின் இழுப்பைத் தனியாக, தவிலின் இரண்டு முகங்களான தொப்பியையும் வலந்தலையையும் தனித்தனியாகப் பதிந்து வைத்தால் உங்கள் அடுத்த பத்துப் பாட்டுக்கு ஆகும்.

அன்றைக்கே ஒரு தாள் எழுதுங்கள், தமிழில். 19ஆவது பிரிவின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எந்தப் பதிவு, எந்தெந்தப் பயன்பாடு, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு பணம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நாட்டைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் தானாக எடுத்துக்கொள்ளும். உங்கள் பாட்டு இணையத்தில் போகிறது, எனவே உலகம் முழுவதும் என்று எழுதுங்கள். எழுதி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகும், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. தாளை உரக்கப் படித்துக் காட்டுங்கள், ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள்.

பணம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியே ஆக வேண்டும். அன்றைய கச்சேரிக்கு வாங்கும் முழுக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். அதற்கு மேல், பாட்டுக்கு வரும் வருமானத்தில் ஒரு பங்கு எழுதுங்கள். ஐந்தில் ஒன்று என்பது நான் நியாயம் என்று நினைக்கும் அளவு. பாட்டின் உயிரே தாளம் என்றால் அது அதிகம் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1969இல் அமெரிக்காவில் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்துக்காக 'ஆமென், பிரதர்' என்ற பாட்டைப் பதிந்தது. நடுவில் மற்ற வாத்தியங்கள் நிற்க, டிரம்மர் கிரிகரி கோல்மன் ஏழு வினாடி அளவு தனியாக அடிக்கிறார். அந்தத் துண்டு பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் சாம்பிளாக எடுக்கப்பட்டது. அதன்மேல் புதிய இசை வகைகளே எழுந்தன. கோல்மனுக்கு ஒரு காசும் வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் ரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண்டு குழுவின் தலைவருக்குப் போய்ச் சேர்ந்தபோது, அடித்த கை இல்லை. உலகமே கேட்ட ஏழு வினாடிக்கு அந்த முடிவு என்றால், நம் மேளக்காரர்கள் கதி என்ன? எண்பதுகளில் ஓர் ஒலிநாடா நிறுவனத்துக்காக ஒரு நாள் முழுக்க வாசித்துவிட்டு, பஸ் காசும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வாசித்தது இன்று இணையத்தில் ஓடுகிறது. 1994க்கு முன்பு வாசித்ததற்கு நிகழ்த்துகலைஞர் உரிமையைக் காட்டி வழக்குப் போடுவது கடினம் என்று அவரிடம் சொன்ன நாள் எனக்கு நல்ல நாளாக இல்லை.

இன்ஸ்டாகிராம் முன்னோட்டத்தை இன்றே எடுத்துவிடுங்கள். தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அது பிணையை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயமுறுத்த எழுதவில்லை, இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு "தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது.

குறும்பட நிறுவனத்துக்கு எழுதுங்கள்: தாளப் பகுதியை மறுபடி பதிவு செய்கிறேன், மூன்று வாரம் வேண்டும். தாளில் இரண்டு மாற்றம் கேளுங்கள். "எல்லா ஒலிகளும் என் சொந்தம்" என்பதற்குப் பதில், "உரிமம் பெற்ற சாம்பிள் பேக் ஒலிகள் தவிர மற்றவை நான் பதிவு செய்தவை, கலைஞர்களின் எழுத்துச் சம்மதம் பெற்றவை" என்று இருக்கட்டும். பொறுப்பு எனக்குக் கிடைத்த தொகைக்கு மேல் போகாது என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் பாட்டு பிடித்திருந்தால் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். வேறு பாட்டைத் தேடிப் போனார்கள் என்றால் போகட்டும். பாட்டு உங்களிடம் சுத்தமாக இருக்கும், இன்னொருவருக்குக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஒலிநாடா உறையில் 1986 என்று இருப்பதை எழுதியிருக்கிறீர்கள், கடை மூடியதை எழுதியிருக்கிறீர்கள். வாசித்தவர் பெயரை எழுதவில்லை. மாமா வீட்டுக்குப் போய் உறையைத் திருப்பிப் பாருங்கள். குழுவின் பெயரோ ஊரோ சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கக் கூடும். அவர் இருக்கிறாரா, இல்லையென்றால் அவர் மகன் மேளத்தைத் தொடுகிறாரா என்று அந்த ஊரில் விசாரியுங்கள். மறுபதிவுக்கு முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். பெயர் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள். அவர்களோடு போடும் ஒப்பந்தத்தைக் கட்டணம் வாங்காமல் நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா